கோணங்கித்தனம்: ஒரு சொல்லின் பிறப்பும் பொருள்மாற்றமும் – காவிரிக் கடைமடைப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

'கோணங்கித்தனம்' என்னும் சொல் இன்று பொறுப்பற்ற, நகைப்புக்கிடமான நடத்தையைச் சுட்டும் இழிசொல்லாக வழங்குகிறது. இதன் அடிச்சொல்லாகிய 'கோணங்கி', ஆடரங்கில் முதலில் தோன்றி அவையை ஆற்றுப்படுத்தும் கலைஞனின் பணிப்பெயராகவும், தெருவில் குறி சொல்லி வருபவனின் தொழிற்பெயராகவும் விளங்கியது. சொல்லமைப்பு, இலக்கியச் சான்று, கல்வெட்டுச் செய்தி, நிகழ்த்துகலை மரபு ஆகிய நான்கையும் இணைத்து நோக்கி, ஒரு பணியைக் குறித்த பெயர் ஒரு குற்றத்தைக் குறிக்கும் பெயராகத் திரிந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. புகார் முதல் திருமலைராயன்பட்டினம் வரையிலான கடற்கரையும், அதன் உள்நாட்டிலுள்ள மெலட்டூரும் ஆய்வின் முதன்மைக் களங்கள்.

திறவுச்சொற்கள்: கோணங்கி, கோமாளி, விகடம், நகைவேழம்பர், காளமேகம், பாகவத மேளா, பபூன்

முன்னுரை

நகைப்பூட்டும் நடத்தையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. கோமாளித்தனம், கோணங்கித்தனம், விகடம், பகடி, கோட்டி, நையாண்டி, குரங்குச் சேட்டை என அப்பட்டியல் நீளும். ஈழத்தமிழில் 'பகிடி' அன்றாடச் சொல். நெல்லை வட்டாரத்தில் 'கோட்டி' என்பது பித்துநிலையையும் குறிக்கும். இச்சொற்களுள் '-தனம்' என்னும் ஈற்றை ஏற்றவை பெரிதும் பழிப்புக்குரியனவாக உள்ளன. ஒருவர் விகடம் செய்தார் என்றால் அது பாராட்டாகலாம். கோணங்கித்தனம் செய்தார் என்றால் அது குற்றச்சாட்டு.

இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது? கோணங்கி என்பவன் யார்? அவன் செயல் எக்காலத்தில், எச்சூழலில் பழிக்குரியதாயிற்று? இவ்வினாக்களுக்கு அகராதியை மட்டும் கொண்டு விடை காண இயலாது. அகராதி ஒரு சொல்லுக்கு வந்து சேர்ந்த பொருளைச் சொல்லும். அப்பொருள் கடந்து வந்த வழியை அரங்கும் தெருவும் சொல்லும்.

இவ்வழியை அறியக் காவிரியின் கடைமடைப் பகுதி ஏற்ற களமாகிறது. புகார், காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர், நாகப்பட்டினம் எனத் தொடரும் இக்கடற்கரையில் தமிழோடு வடமொழி, தெலுங்கு, மராத்தி, பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளும் வெவ்வேறு காலங்களில் ஆட்சியின் வழியாகவும் வாணிகத்தின் வழியாகவும் அரங்கின் வழியாகவும் வழங்கின. நகைப்பவனுக்குரிய பெயர்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பொருள் மாறியதை இங்குத் தெளிவாகக் காணலாம்.

1. சொல்லமைப்பு

'கோணங்கித்தனம்' என்பது கோணங்கி, தனம் எனப் பிரியும். 'தனம்' பண்பையும் நடத்தையையும் உணர்த்தும் பின்னொட்டு. வடமொழியின் 'த்வன', பிராகிருதத்தின் 'த்தண' ஆகிய வடிவங்களோடு இதனைத் தொடர்புபடுத்துவர். இப்பின்னொட்டு தன்னளவில் இழிவு குறிப்பதன்று. கெட்டிக்காரத்தனம், புத்திசாலித்தனம் ஆகியவை இதற்குச் சான்று. எனவே கோணங்கித்தனத்தின் இழிபொருள் ஈற்றிலிருந்து வந்ததன்று. 'கோணங்கி' என்னும் சொல் அடைந்த மாற்றத்திலிருந்து வந்ததாகும்.

'கோணங்கி' என்பதன் முற்பகுதி 'கோண்' என்பதில் ஐயமில்லை. கோண், கோணல், கோணு, கோணை ஆகியவை வளைவையும் நேரின்மையையும் குறிப்பன. 'வளைதல்' என்னும் பொருளுடைய 'கோடு' என்னும் வினையும் இதன் இணைவடிவமே. 'பாண்', 'பாடு' என்னும் இணையில் காணப்படும் ணகர டகர உறவே இங்கும் காணப்படுகிறது. பிற்பகுதியாகிய 'அங்கி' என்பதை 'அங்கம் உடையவன்' எனக் கொண்டால், 'கோணிய உடலினன்', அதாவது 'உடலைக் கோணலாக்கிக் காட்டுபவன்' என்னும் பொருள் கிடைக்கிறது.

தெலுங்கிலும் 'கோணங்கி' என்பது விகடம் செய்பவனையே குறிக்கிறது. கன்னடத்தில் இது 'கோடங்கி' என டகர வடிவில் உள்ளது. அம்மொழியில் 'கோடக' என்றால் குரங்கு. தமிழிலும் 'கோடரம்' குரங்கைக் குறிக்கும். ஆகவே கன்னட வடிவத்தைக் குரங்கின் பெயரோடு இணைத்துப் பார்க்கவும் இடமுண்டு. இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. வளைந்த கிளைக்குக் 'கோடு' என்பது பெயர்; கிளையில் வாழும் விலங்கு அதனாற் பெயர் பெறுதல் இயல்பு. பிறரைப் போலச் செய்து காட்டுவதில் குரங்கும் கோணங்கியும் ஒத்தவர் என்னும் எண்ணம் இச்சொல்லின் வாழ்வில் தொடர்ந்து வருவதைப் பின்னர்க் காணலாம்.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. தமிழ் அறநூல் மரபில் 'கோடுதல்' பெருங்குற்றம். நடுவுநிலை தவறாமையைக் 'கோடாமை' என்னும் சொல்லால் குறள் சுட்டுகிறது. அரசனது கோல் வளைந்தால் அது கொடுங்கோல். நேராக நிற்கவேண்டிய ஆட்சியாளன் கோடினால் அது தீமை. ஆனால் அதே அடியிலிருந்து பிறந்த கோணங்கி, கோணுவதையே தன் தொழிலாகக் கொண்டவன். அவனுடைய கோணல் குறையன்று, கோலம்.

இவ்விடத்துக் 'கூன்' என்னும் சொல்லோடு ஒப்பிடுவது தெளிவு தரும். கூன் உடலின் இயற்கை. கோணங்கியின் வளைவு மேற்கொள்ளப்பட்ட செயற்கை. கலித்தொகையின் 94ஆம் பாடல் கூனியும் குறளனும் பேசிக்கொள்ளும் நகைச்சுவை உரையாடலாக அமைந்துள்ளது. நாட்டிய சாத்திரம் விதூஷகனைக் குறளன், கூனன், பல் நீண்டவன், வழுக்கைத் தலையன் என வருணிக்கிறது. உடற்குறையுடையோரை நகைப்புக்குரியோராக்கிய பழக்கம் இச்சொற்களின் அடியில் உறைந்துள்ளது என்பதை மறைத்தல் கூடாது. எனினும் கோணங்கி என்னும் சொல்லாட்சி அப்பழக்கத்திலிருந்து ஓரடி விலகி நிற்கிறது: பிறப்பால் வளைந்தவனையன்றி, வளைந்து காட்டுபவனையே அது சுட்டுகிறது.

2. உடன்வரும் சொற்கள்: விகடம், கோமாளி, பபூன்

'விகடம்' என்னும் சொல்லும் இதே வழியில் வந்ததுதான். வடமொழியில் 'விகட' என்பதற்கு இயல்பு திரிந்தது, அச்சம் தரும் தோற்றமுடையது என்னும் பொருள்கள் உண்டு. தமிழில் அது நகைச்சுவையைக் குறிக்கலாயிற்று. இம்மாற்றத்தின் நடுநிலையைக் காஞ்சியின் விகடசக்கர விநாயகர் கதையில் காணலாம். வீரபத்திரரின் மாலையிலிருந்த வெண்டலை ஒன்று திருமாலின் சக்கரத்தை விழுங்கிவிட, அதனை மீட்கச் சேனைத்தலைவர் கைகால்களைக் கோணலாக்கி விகடக்கூத்து ஆடுகிறார். வெண்டலை சிரிக்கச் சக்கரம் கீழே விழுகிறது. அதனை எடுத்துக்கொண்ட விநாயகரும் அக்கூத்தை மறுமுறை ஆடச்செய்து கண்டபின்னரே திருப்பித் தருகிறார். படைவலியால் இயலாததை உடற்கோணல் செய்து முடித்தது என்பதே கதையின் கருத்து. கோணல் இங்கு ஒரு கருவி. 1926இல் தொடங்கி, 1928 முதல் எஸ். எஸ். வாசனின் பொறுப்பில் வளர்ந்த 'ஆனந்த விகடன்' இதழின் பெயரில் இச்சொல் மதிப்புடன் நிலைபெற்றது.

'கோமாளி' என்னும் சொல்லைக் 'கோ' என்பதனோடு 'ஆளி' சேர்ந்தது எனப் பிரித்து, 'அரசனை ஆள்பவன்' என்று பொருள் கூறும் வழக்கு உண்டு. கருத்தளவில் இது கவர்ச்சியுடையது. புணர்ச்சி விதிக்கு ஒவ்வாதது. ஓகார ஈற்றின் முன் உயிர் வரின் வகரமே உடம்படுமெய்யாகத் தோன்றும். 'கோவில்' என்பது இதற்கு எளிய சான்று. யகரம் பெற்ற 'கோயில்' தனி வழக்காக நிலைத்தது. மகரம் தோன்ற விதியில்லை. 'கோமான்' என்பதிலுள்ள மகரம் 'கோமகன்' என்னும் வடிவத்தின் எச்சமாதலால் அதனையும் இங்குச் சான்றாகக் காட்ட இயலாது. மலையாளத்திலும் 'கோமாளி' இதே பொருளில் வழங்குவதால், இது அரங்கோடு பிறமொழி எல்லைகளையும் கடந்த சொல் என்பது தெளிவு. மக்கள் இச்சொல்லுள் அரசனைத் தேடியதே பொருள்பொதிந்த செய்தி. கோமாளி அரசனுக்கு அருகில் நின்று பேசத்தக்கவன் என்னும் நினைவு பொதுமனத்தில் இருந்தமையாலேயே இப்பிரிப்பு தோன்றியது எனலாம்.

மூன்றாவது சொல் 'பபூன்'. இத்தாலியத்தில் கன்னத்தை ஊதுதலைக் குறிக்கும் அடியிலிருந்து தோன்றி, பிரெஞ்சில் 'பூஃபோன்' என்றாகி, ஆங்கிலத்தில் 'பஃபூன்' என வந்து, தமிழ் நாடக மேடையில் 'பபூன்' ஆனது இச்சொல். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சியர் வசமிருந்த பகுதி. எனினும் தமிழ் வடிவத்தின் ஈற்றயல் ஊகாரமும் தெளிவான னகர ஈறும் ஆங்கில ஒலிப்பையே காட்டுகின்றன. பிரெஞ்சு வழியாக வந்திருப்பின் ஓகாரம் நின்றிருக்கும். ஆட்சியின் மொழி ஒன்றாக இருக்க, மேடையின் மொழி வேறொன்றாக இருந்தது. சொல் மேடையின் வழியாகவே வந்தது. ஐரோப்பியச் சொல்லும் உடலுறுப்பின் திரிபிலிருந்தே பிறந்துள்ளமை கோணங்கி, விகடம் ஆகியவற்றோடு ஒப்பிடத்தக்கது.

3. புகாரின் நகைவேழம்பர்

கோணங்கி என்னும் பெயர் வருவதற்கு முன்னரே அப்பணி இக்கடற்கரையில் இருந்தது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகாரின் பட்டினப்பாக்கத்தை வருணிக்குமிடத்து, நாழிகைக் கணக்கர், ஆடற்கூத்தியர், குயிலுவர் முதலியோரோடு நகைவேழம்பருக்கும் இருக்கைகள் இருந்ததாகக் கூறுகிறது. பட்டினப்பாக்கம் அரசவீதியும் பெருங்குடி வணிகர் மாடங்களும் அமைந்த பகுதி. நகைப்பூட்டுவோர் நகரின் புறத்தே தள்ளப்படாமல், பிற கலைஞரோடும் அரசப் பணியாளரோடும் வரிசையில் வைத்து எண்ணப்பட்டுள்ளனர்.

இதனினும் வலிய சான்று கால்கோட் காதையில் உள்ளது. வடநாட்டுப் பயணத்தில் சேரன் செங்குட்டுவனுக்கு நூற்றுவர் கன்னர் அனுப்பியவற்றுள் நாடக மகளிர் 102 பேர், குயிலுவர் 208 பேர், நகைவேழம்பர் 100 பேர் அடங்குவர். இந்நகைவேழம்பர் 96 வகைப் பாசண்டத் துறைகளில் பயின்றவர் எனவும் அக்காதை சுட்டுகிறது. பாசண்டம் என்பது சமயக் கோட்பாடுகளைக் குறிக்கும் சொல். சமய நூற்கொள்கைகளை அறியாதவன் அவற்றை நகையாட இயலாது. நகைப்புக்குக் கல்வி வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இவ்வெண்ணிக்கையின் பின்னே உள்ளது.

'வேழம்பர்' என்பதை வேழமாகிய மூங்கிலோடு தொடர்புபடுத்திக் கழைக்கூத்தர் எனவும், போலச்செய்து எள்ளுதலைக் குறிக்கும் 'விடம்ப' என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்தியும் பொருள் காணலாம். உடலை வளைத்தல், பிறரைப் போலச்செய்தல் என்னும் இவ்விரண்டும் 'கோணங்கி'க்குக் கண்ட இருவகை விளக்கங்களோடு ஒத்திருத்தல் நோக்கத்தக்கது. பெயர் மாறினும் பணியின் உட்கூறுகள் மாறவில்லை.

நகைக்குரிய நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். இவற்றுள் எள்ளல் என்பது தான் பிறரை எள்ளுதலும் பிறரால் தான் எள்ளப்படுதலும் என இருபாற்படும் எனப் பேராசிரியர் விளக்குவார். நகைவேழம்பனும் கோணங்கியும் இவ்விரண்டையும் ஒருங்கே செய்பவர்கள். தன்னை எள்ளலுக்கு ஒப்புக்கொடுப்பதே பிறரை எள்ளும் உரிமைக்கு அவன் தரும் விலை.

இத்தகைய கலைஞர்க்குக் கோயில் நிலம் தந்த செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் தருகின்றன. சாக்கைக் கூத்து ஆடியவர்க்குச் 'சாக்கைக் காணி' என நிலம் விடப்பட்டது. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடிய கூத்தச் சாக்கையன் இம்மரபின் முன்னோடி. கேரளத்தில் இன்றும் வாழும் சாக்கியார் மரபில், கூடியாட்டத்தின் விதூஷகன் வடமொழிப் பகுதிகளை மலையாளத்தில் விரித்துரைத்து, அவையிலிருப்போரையும் நகையாடும் உரிமை பெற்றிருந்தான். நகைத்தொழிலுக்கு இருக்கை, காணி, கல்வி, உரிமை ஆகிய நான்கும் இருந்தன என்பது இச்சான்றுகளின் தொகுப்பு.

4. திருமலைராயன்பட்டினம்: கவியும் குரங்கும்

காரைக்காலுக்குத் தெற்கே அமைந்த திருமலைராயன்பட்டினம், 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஜயநகரப் பேரரசின் சார்பாகச் சோழமண்டலத்தில் அதிகாரம் செலுத்திய சாளுவத் திருமலைராயனின் பெயரைத் தாங்கியது. காளமேகப் புலவர் பற்றிய கதைகள் இவ்வூரையே களமாகக் கொண்டுள்ளன. அவைக்களத் தலைமைப் புலவராகிய அதிமதுரகவியும் அவரைச் சூழ்ந்த தண்டிகைப் புலவர் 64 பேரும் காளமேகத்துக்கு இருக்கை தர மறுத்தனர் என்பதும், யமகண்டம் என்னும் கடும்போட்டியில் அவர் வென்றார் என்பதும், பின்னர் ஊர் மண்மாரியால் அழியப் பாடினார் என்பதும் அக்கதைகளின் சுருக்கம்.

இவற்றை வரலாற்று நிகழ்ச்சிகளாகக் கொள்வதற்கில்லை. நகைப்புரிமை பற்றிய ஒரு சமூகத்தின் கருத்தாக இவற்றைக் கொள்ளலாம். தம்மைக் 'கவிராயர்' என அறிமுகம் செய்துகொண்ட புலவர்களைக் காளமேகம் 'கவி' என்னும் சொல்லின் மற்றொரு பொருளாகிய குரங்கைக் கொண்டு எள்ளினார் என்பது இக்கதையின் புகழ்பெற்ற பகுதி. அவையில் நேராக அமர்ந்தவர்களே இங்குக் குரங்குகளாகின்றனர். இருக்கை மறுக்கப்பட்டவன் நகைப்பவனாகிறான். தொல்காப்பியம் வகுத்த செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்னும் இரண்டனுள், சிலேடையால் மறைத்துப் பழிக்கும் இம்முறை பின்னதன்பாற்படும்.

புகாரில் நகைவேழம்பர்க்கு இருக்கை இருந்தது. திருமலைராயன்பட்டினத்துக் கதையிலோ நகைப்பவன் இருக்கைக்காகவே போராட வேண்டியுள்ளது. இவ்விரு இலக்கியச் சித்திரங்களையும் அருகருகே வைத்தால், நகைப்புரிமை நிலையான பணியாக இருந்த நிலையிலிருந்து தனியொருவர் திறத்தால் வென்றெடுக்கவேண்டியதாக மாறிய நிலை புலனாகிறது.

இவ்வூரின் கடற்கரைப் பகுதியாகிய பட்டினச்சேரி மீனவர் வாழும் ஊர். மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் கடலாட எழுந்தருளும்போது, தம் குலத்தில் பிறந்த பத்மினி நாச்சியாரை மணந்தவர் என்னும் நம்பிக்கையால் இம்மக்கள் அவரை மாப்பிள்ளையாகவே வரவேற்கின்றனர். தமிழ் உறவுமுறையில் மாப்பிள்ளை, மைத்துனர் ஆகியோர் மரியாதைக்கும் கேலிக்கும் ஒருசேர உரியவர். உறவுமுறையால் அனுமதிக்கப்படும் இவ்வகைக் கேலியை மானிடவியலார் ராட்கிளிஃப் பிரௌன் 1940இல் கோட்பாடாக வகுத்தார். யார் யாரைக் கேலி செய்யலாம் என்பது முறையால் வரையறுக்கப்பட்ட சமூகத்தில், முறை எதுவுமின்றி எவரையும் கேலி செய்யத்தக்கவனாக ஒருவனை அமர்த்தவேண்டுமாயின் அவனுக்குத் தனிப் பெயரும் கோலமும் தேவைப்படும். கோணங்கி அத்தகையவன். அவனுடைய கோலமே அவனது முறை.

5. முதலில் வருபவன்

கோணங்கி என்னும் பெயர் அரங்கில் வாழ்வதைத் தஞ்சைப் பகுதியின் மெலட்டூரில் காணலாம். தஞ்சை நாயக்கர் ஆட்சியில் (1532–1673) தெலுங்கு அவைமொழியாகவும் கலைமொழியாகவும் சிறந்து, மராத்தியர் ஆட்சியிலும் அச்சிறப்பு தொடர்ந்தது. மெலட்டூர், சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம் முதலிய ஊர்களில் வளர்ந்த பாகவத மேளா அதன் பயன். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி இயற்றிய 'பிரகலாத சரித்திரம்' முதலிய தெலுங்கு நாடகங்கள் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கு இன்றும் ஆடப்படுகின்றன.

அந்நிகழ்வில் முதலில் அரங்கேறுபவன் கோணங்கி. கடவுள் வாழ்த்தும் பாத்திரங்களும் பின்னரே வரும். அவன் ஆடி, நகைப்பூட்டி, கலைந்திருக்கும் கூட்டத்தை அவையாக ஒழுங்குபடுத்துகிறான். நரசிம்மர் தோன்றவிருக்கும் இரவைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு அவனுடையது.

இது மெலட்டூருக்கு மட்டும் உரிய வழக்கன்று. கருநாடகத்தின் யட்சகானத்தில் பூர்வரங்கம் எனப்படும் தொடக்கப் பகுதியில் வருவோர் கோடங்கிகள். பயிற்சிநிலையிலுள்ள இளையோர் அவ்வேடம் புனைவர். தமிழ்நாட்டின் தெருக்கூத்தில் முதலில் வருபவன் கட்டியங்காரன். கட்டியம் என்பது அரசன் அல்லது இறைவனின் வருகையை அறிவித்துப் புகழ்தல். 'திருக்குற்றாலக் குறவஞ்சி', தஞ்சையின் 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி' ஆகியவற்றிலும் கட்டியங்காரன் தொடக்கத்தில் வந்து தலைவனின் உலாவை அறிவிக்கிறான். குறவஞ்சியில் அறிவிப்பாளனாகவே நிற்கும் அவன், தெருக்கூத்தில் அறிவிப்பாளன், வாயிற்காவலன், கேள்வி கேட்பவன், கோமாளி என அனைத்துமாகிறான். அரசவேடம் புனைந்தவன் தன் பெருமையைச் சொல்லும்போது, அதனை ஊர்மொழியில் திருப்பிக் கேட்டு அவைக்கு விளங்கவைப்பவன் அவனே.

20ஆம் நூற்றாண்டின் இசைநாடக மேடையிலும் இவ்வொழுங்கு மாறவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வடிவமைத்த நாடகங்களை ஆடும் 'ஸ்பெஷல் நாடக' மரபில், கதை தொடங்குமுன் பபூன் தனியே வந்து அவையோடு பேசுகிறான். பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இடமோ கோணங்கிக்கு உரியது.

கோணங்கி, கோடங்கி, கட்டியங்காரன், பபூன் என நான்கு பெயர்களையும் ஒருசேர நோக்கினால் ஒரு பொதுமை தெளிவாகிறது. நகைப்பூட்டுதல் இவர்களின் பணியில் ஒரு பகுதி. வாயில் திறத்தலே முழுப்பணி. பார்ப்போரின் உலகத்துக்கும் கதையின் உலகத்துக்கும் இடையே நிற்பவனுக்கு இரண்டிலும் முழு இடமில்லை; ஆகவே அவன் நேராக நிற்பதில்லை. கோணல் என்பது அவன் நிற்கும் இடத்தின் வடிவம்.

6. தெருவில் வரும் கோணங்கி

கோணங்கி என்னும் சொல் குடுகுடுப்பைக்காரனையும் குறிக்கும். தென்மாவட்டங்களில் உடுக்கையடித்துக் குறி சொல்பவரைக் 'கோடாங்கி' என்பர். நகைப்பூட்டுபவனுக்கும் எதிர்காலம் உரைப்பவனுக்கும் ஒரே பெயர் அமைந்தது எவ்வாறு?

முதற்காரணம் தோற்றம். பலவண்ணத் துணிகளும் தலைப்பாகையும் கையிலே சிறுபறையுமாக வரும் குடுகுடுப்பைக்காரனின் கோலம் அன்றாட உடையிலிருந்து விலகியது. வைணவ இரவலராகிய தாசரிகளுள் விகடம் செய்து இரந்தோர் 'கோணங்கித் தாசரி' எனப்பட்டதும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. வீட்டு வாசலில் நின்று அவ்வீட்டாரின் குறையையும் வரவிருக்கும் கேட்டையும் உரக்கச் சொல்லும் உரிமை வேறெவர்க்கும் இல்லை. அரங்கின் கோணங்கியும் தெருவின் கோணங்கியும் பிறர் சொல்லத் துணியாததைச் சொல்லும் பணியினர். ஒருவன் சிரிப்பால் சொல்கிறான். மற்றவன் குறியால் சொல்கிறான். பொழுது புலருமுன் தெருவுக்கு வரும் குடுகுடுப்பைக்காரன், நாளின் அரங்கிலும் முதலில் வருபவனே.

7. பணிப்பெயர் பழிப்பெயரானமை

இவ்வாறு மதிப்புடைய பணியைச் சுட்டிய சொல் இழிசொல்லானதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பணியிலிருந்து செயலைப் பிரித்தமை. கோணங்கி கோணினால் அது கலை. கோணங்கியல்லாதவன் கோணினால் அது 'கோணங்கித்தனம்'. '-தனம்' என்னும் ஈறு இங்கே உரிமையில்லாதவன் செய்த செயலைச் சுட்டுகிறது. தொடக்கத்தில் இச்சொல் கோணங்கியை இகழ்ந்ததன்று; அவனைப் போலச் செய்தவனை இகழ்ந்தது. நாளடைவில் அவ்விகழ்ச்சி கோணங்கிமேலேயே படிந்தது. கூத்தாடி, வேடதாரி ஆகிய தொழிற்பெயர்களும், 'நாடகமாடுதல்' என்னும் தொடரும் அடைந்த நிலை இதுவே.

இரண்டாவது, கலைஞரின் சமூக நிலையில் நேர்ந்த மாற்றம். காணியும் கோயிற்கடமையும் பெற்ற கலைஞனுக்கு ஊரில் வரையறுத்த இடம் உண்டு. அவ்வாதரவு குன்றி ஊர்தோறும் ஆடிப் பிழைக்கும் நிலை வந்தபோது, அதே தொழில் ஐயத்துக்குரியதாகியது. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களை ஆராய்ந்த சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூல், மேடையில் விரும்பிப் பார்க்கப்படும் கலைஞர்கள் மேடைக்கு வெளியே இழிவைச் சுமப்பதை விரிவாகக் காட்டுகிறது. சிரிக்கவைப்பவனை மதித்தால் தன் மதிப்புக் குறையும் என்னும் எண்ணம் இவ்விழிவின் வேர்.

மூன்றாவது, உரிமையின் திசை. நகைப்புரிமை எப்போதும் மேல்நோக்கியே பாய்ந்தது எனக் கொள்ளுதல் பிழையாகும். பள்ளு நூல்களில் பண்ணைக்காரன் நகைப்புக்குள்ளாகிறான். அதே நகைப்பு பள்ளியர் இருவரின் ஏசலாகவும் திரும்புகிறது. பபூனின் பேச்சில் பெண்கள் பெரிதும் கேலிப்பொருளாயினர். எளியோரை எள்ளும் நகைப்பு பெருகுந்தோறும், அதிகாரத்தை எள்ளும் பணியாக இதனைக் கருதும் மதிப்பு குறைந்தது. கோணங்கித்தனம் என்னும் சொல்லின் வீழ்ச்சிக்குச் சமூகம் மட்டுமன்றி அப்பணியின் ஒரு கூறும் பொறுப்பாகும்.

அரசியல் மேடைகளிலும் இதழ்களிலும் எதிராளியின் செயலைக் 'கோமாளித்தனம்' என ஒதுக்குவது இன்றைய பெருவழக்கு. ஆட்சியாளரின் கோணலைச் சுட்டிக்காட்ட அமர்த்தப்பட்டவனின் பெயர், ஆட்சியாளரின் கோணலுக்கே பெயராகிவிட்டது. கொடுங்கோன்மை என்று சொல்லவேண்டிய இடத்திலும் கோமாளித்தனம் என்று சொல்லும்போது, ஒரு தீமை சிறுமைப்படுத்தப்படுகிறது. ஒரு கலைஞனும் உடன் இழிவுபடுத்தப்படுகிறான். மறுபுறம், 2019இல் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் 'கோமாளி' என்பது போட்டியாளருக்குத் துணைநிற்பவரின் பதவிப்பெயராக வந்து பெருவரவேற்பைப் பெற்றது. பணியாக வரும்போது இச்சொல் இன்றும் இழிவு தருவதில்லை என்பதற்கு இது அண்மைச் சான்று.

முடிவுரை

கோணங்கி என்னும் சொல் 'வளைவு' என்னும் அடியிலிருந்து பிறந்தது. குரங்கின் பெயரோடும் அது கிளைவழியாக நெருங்கியது. அச்சொல் சுட்டிய பணி அதனினும் தொன்மையானது. புகாரில் நகைவேழம்பராகவும், சோழர் காலத்தில் காணி பெற்ற சாக்கையராகவும், திருமலைராயன்பட்டினத்துக் கதையில் இருக்கை மறுக்கப்பட்ட புலவனாகவும், மெலட்டூரில் முதலில் வரும் ஆட்டக்காரனாகவும், இசைநாடக மேடையில் பபூனாகவும் அப்பணியாளன் பெயர்மாறி வந்துள்ளான். மொழிகள் மாறியபோதும், அவையைத் திறந்துவைத்து, தன்னை எள்ளலுக்கு ஒப்புக்கொடுத்து, பிறர் சொல்லாததைச் சொல்லும் அவனது இடம் மாறவில்லை. மாறியது அவ்விடத்துக்குச் சமூகம் தந்த மதிப்பே.

இம்முடிவு அகராதிப் பணிக்கும் பதிப்புப் பணிக்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. கூத்துப் பனுவல்களிலும் நாடக ஏடுகளிலும் வரும் கோணங்கி, கோமாளி, கட்டியங்காரன் ஆகிய பெயர்களுக்கு 'நகைச்சுவைப் பாத்திரம்' என்னும் ஒற்றைக் குறிப்பு போதுமானதன்று. அவன் எப்போது வருகிறான், யாரோடு பேசுகிறான், எந்த மொழியில் பேசுகிறான், யாரை எள்ளுகிறான் என்பவற்றைப் பதிவு செய்தலே முறையான விளக்கமாகும். அப்பதிவுகள் பெருகுமாயின், அகராதியில் 'கோணங்கித்தனம்' என்பதற்கு முதற்பொருளாக ஒரு கலைத்திறனையும், அதன் பின்னரே ஒரு குற்றத்தையும் எழுதுவதற்குப் போதிய சான்று கிடைக்கும்.